பதினேழாம் எண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட கதை

மனித குலத்தின் மாபெரும் தியாகம் எது என்று கேட்டால், உயிரைக் கொடுப்பது என்பார்கள். அது ஒரு நாள் வேலை. தெரிந்த விஷயத்தை வாயைத் திறந்து சொல்லாமல் இருப்பதுதான் தியாகங்களில் பெரியது. அதை மூன்று வருடம், விடுமுறை நாட்கள் நீங்கலாக, மாதச் சம்பளத்துக்குச் செய்தவன் நான். என்னைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் பேசுகிற மாதிரித் தெரியவில்லை.

நான் பணிபுரிவது 'நோய்க் காரணி ஆராய்ச்சி மற்றும் முன்தடுப்பு உயர் நிறுவன'த்தில். பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் உங்கள் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆஸ்பத்திரிக்காரர்கள் நோய் வந்த பிறகு பதறிக்கொண்டு ஓடுகிறவர்கள். நாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை. நோய் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துகொண்டு, அது எப்படி வருகிறது, எந்தப் பக்கமாக வருகிறது என்று நிதானமாகக் கவனிப்போம். பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம்.

என் பதவி 'கள அளவாளர்'. வீடு வீடாக, கடை கடையாகப் போய், மக்களின் கையில் பட்டையைச் சுற்றி, இரத்த அழுத்தத்தை அளந்து படிவத்தில் எழுதுவது என் வேலை. இதற்காக இரண்டு தெருக்களில் தெருவுக்கு இருபது பேரைக் குலுக்கல் முறையில் பிடித்திருந்தோம். முதலாவது 'அறிவுரைத் தெரு'. உப்பைக் குறை, நட, புகையை விடு என்று அங்கே மாதம் ஒரு துண்டறிக்கை கொடுப்போம். இரண்டாவது 'ஒப்பீட்டுத் தெரு'. அங்கே ஒன்றும் கொடுக்க மாட்டோம். அளப்பதோடு சரி. மூன்று வருடம் கழித்து இரண்டு தெருவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அறிவுரையின் மகிமை உலகத்துக்கே விளங்கிவிடும் என்பது திட்டம்.

ஒப்பீட்டுத் தெருவுக்கு ஒரே ஒரு விதி. அளக்கலாம், அளந்ததைச் சொல்லக் கூடாது. பயிற்சி வகுப்பில் நான் அறியாப்பிள்ளை போல ஒரு சந்தேகம் கேட்டேன்.

"சொன்னா என்ன ஆகும், மேடம்?"

இயக்குநர் அம்மா பொறுமையாக விளக்கினார். "சொன்னா அவங்க டாக்டர்கிட்ட போயிடுவாங்க."

"போனா?"

"மாத்திரை குடுப்பாரு."

"சாப்பிட்டா?"

"குணமாயிடும்! அப்புறம் நம்ம ஆராய்ச்சி என்னத்துக்கு ஆகும்? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நோயைத் தடுக்கும் ஆராய்ச்சிக்குப் பெரிய ஆபத்து, யாராவது நோயைத் தடுத்துவிடுவதுதான் என்பது அன்றுதான் புரிந்தது. அளவு தற்செயலாகக்கூடக் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, ஒப்பீட்டுத் தெருவுக்கான கருவிகளின் திரைக்கு மேல் ஒரு அட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். நான் குனிந்து பார்த்தால்தான் எண் தெரியும். "எவ்வளவு இருக்கு?" என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டிய பதிலையும் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

ஒப்பீட்டுத் தெருவின் பதினேழாம் எண்ணாகக் குலுக்கலில் விழுந்தது ஒரு சாவிக் கடைக்காரர். அவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான்.

கடை என்றால் நாலு பேர் நிற்க முடியாது. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சாவி. நடுவில் மச்சான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அரத்தால் பித்தளையை ராவிக்கொண்டே ஊர்க் கதை பேசுவார். முதல் மாதம் நான் பையோடு போய் நின்றதும் அவருக்கு ஒரே பூரிப்பு. "வாங்க மாப்பிள்ளை! நம்ம உடம்பைப் பார்க்க அரசாங்கமே உங்களை அனுப்புதா!" என்று கையை நீட்டினார்.

படிவத்தில் இருநூற்றுப் பதினான்கு கேள்விகள்.

"கடந்த ஏழு நாட்களில் எத்தனை நிமிடம் வேகமாக நடந்தீர்கள்?"

"கடன்காரப் பய ஒருத்தன் பூட்டை எடுத்துக்கிட்டு ஓடினான். துரத்திக்கிட்டுப் போனேன். அதைச் சேர்க்கலாமா?"

"பிடித்தீர்களா?"

"இல்ல."

"அப்படியானால் மிதமான நடை என்று போட்டுக்கொள்கிறேன்."

பட்டையைச் சுற்றினேன். அட்டைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நூற்றிருபது இருந்தால் நல்லது. நூற்று நாற்பதைத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மச்சானுக்கு நூற்றுத் தொண்ணூற்று நாலு.

"எவ்வளவு, மாப்பிள்ளை?"

பட்டையை அவிழ்த்தேன். "தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி," என்றேன்.

"அதுக்கென்ன, நமக்குள்ள போய் நன்றியெல்லாம்," என்று அவர் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்த மாதமும். ஒருமுறை மட்டும், மனது கேட்காமல், "மச்சான், உப்பைக் கொஞ்சம்..." என்று வாய் தவறிவிட்டது. அவர் நிமிர்வதற்குள், "...நல்லா மூடி வைங்க, ஈரம் படும்," என்று சமாளித்தேன். சமாளித்தாலும் குற்றம் குற்றமே அல்லவா? அலுவலகத்துக்குப் போய் நானே என் மேல் புகார் எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். என் நேர்மையைக் கோப்பிலும் குறித்துக்கொண்டார்கள்.

வீட்டில்தான் சோதனை.

"என்னங்க, அண்ணன் அடிக்கடி தலைவலிங்கிறாரு. நீங்கதான் மாசாமாசம் பார்க்கறீங்களே, எப்படி இருக்கு?"

"அது ஆராய்ச்சித் தகவல். உலகத்துக்கே பயன்படப் போகிறது."

"உலகம் கிடக்கட்டும். எங்க அண்ணனுக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன்."

நான் அச்சடித்த பதிலைச் சொன்னேன். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு மேசையில் வைக்கப்பட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

எங்கள் அலுவலகம் ஈரமில்லாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் கூட்டத்துக்கு நடுவில் இயக்குநர் அம்மா விளையாட்டாகக் கையை நீட்டி என்னை அளக்கச் சொன்னார். நூற்று நாற்பத்தாறு. அட்டை இல்லாத கருவி என்பதால் அவரே பார்த்துவிட்டார். அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. ஒருவர் ஜன்னலைத் திறந்தார், ஒருவர் மின்விசிறியைக் கூட்டினார், அவர் முன்னால் இருந்த கேக்கை ஒருவர் தூர நகர்த்தினார், ஓட்டுநர் மருந்துக் கடைக்குப் பறந்தார். அரை மணி நேரத்தில் மூன்று டாக்டர்கள். மனிதநேயம் எங்களிடம் குறைவில்லாமல் இருக்கிறது. அது இருக்க வேண்டிய தெருவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது வருடக் கடைசியில் முடிவுகளை அலசினோம். எங்கள் புள்ளியியலாளருக்கு 'சராசரி' என்று பட்டப்பெயர். கூட்டினால் வகுக்காமல் விட மாட்டார். அவர் முகம் வெளுத்துப் போய் வந்து நின்றார்.

"மேடம், அறிவுரைத் தெருவுல ஒருத்தருக்கும் குறையல."

விசாரித்ததில், அந்தத் தெருக்காரர்கள் துண்டறிக்கைகளை மிகுந்த மதிப்போடு பயன்படுத்தி வந்தது தெரிந்தது. அலமாரித் தட்டில் விரித்திருந்தார்கள். ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் படித்திருந்தார்கள். ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்வதற்காக.

"அப்போ மூணு வருஷமும் போச்சா?" என்றார் இயக்குநர் அம்மா.

"இல்ல மேடம். அறிவுரைத் தெருவோட சராசரி மூணரை புள்ளி கம்மியாத்தான் இருக்கு. ஏன்னா, ஒப்பீட்டுத் தெருவுல ஒருத்தர் இருக்காரு. பதினேழாம் எண். அவர் ஒருத்தரே அந்தத் தெருவைத் தூக்கி நிறுத்துறாரு. அவரை எடுத்துட்டா ரெண்டு தெருவும் ஒண்ணுதான்."

மூன்று வருட உழைப்பு, வெளிநாட்டு ஆய்விதழ், அதன் கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்தில் வரப்போகும் என் பெயர், எல்லாமே என் மச்சானின் இரத்தக் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தன.

இயக்குநர் அம்மா என் பக்கம் திரும்பினார். குரல் தழுதழுத்தது. "கடைசி அளவு இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அதுவரைக்கும் அவரைப் பத்திரமாப் பார்த்துக்கங்க. யாராவது குணப்படுத்திடப் போறாங்க."

ஒரு சாதாரணக் குடிமகனின் நலனில் ஒரு நிறுவனம் இவ்வளவு அக்கறை காட்டி நான் கண்டதில்லை.

கடைசி அளவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை பதினோரு மணிக்கு மனைவியின் தொலைபேசி வந்தது. வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் எடுக்க அண்ணன் கடைக்குப் போயிருக்கிறாள். மச்சான் வெட்டிக் கொடுத்த சாவி பூட்டில் நுழையவில்லை. இன்னொன்று வெட்டினார். அதுவும் நுழையவில்லை. மூன்றாவதை வெட்டும்போது அரம் கையிலிருந்து நழுவி விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாவி வெட்டுகிற மனிதர், "விரல் மரத்துப் போன மாதிரி இருக்கு தங்கச்சி," என்றிருக்கிறார். அவள் கடையின் கதவைக்கூட இழுத்து விடாமல், அவரைக் கையைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் பதறிப்போய் இயக்குநர் அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைவிடப் பதறினார்.

"ஐயையோ! மாத்திரை குடுத்துடப் போறாங்க! அதுக்கு முன்னாடி போய் கடைசி அளவை எடுத்துடுங்க. என் வண்டியையே எடுத்துக்கிட்டுப் போங்க. ஓடுங்க!"

கருவிப் பையோடு வார்டுக்குள் நுழைந்தேன். மச்சான் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு என் மனைவியின் கையில் இருந்தது. டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். மாத்திரையும் தண்ணீருமாக நின்றிருந்தார்.

"இருநூத்தி நாலு இருக்குங்க. இப்பவே மாத்திரை போடணும், ரெண்டு நாள் இங்கேயே இருக்கணும். இன்னும் கொஞ்சம் தாமதிச்சா பக்கவாதம் வரும்," என்றார் டாக்டர்.

மச்சான் சிரித்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க மெஷின்ல ஏதோ கோளாறு. எங்க மாப்பிள்ளை இதே வேலையாத்தான் இருக்காரு. மூணு வருஷமா மாசம் தவறாம வந்து பார்க்கறாரு. முப்பத்தஞ்சு தடவை பார்த்துட்டாரு. ஏதாவது இருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பாரா? நீங்க ஒரே ஒரு தடவை பார்த்துட்டு மாத்திரைங்கறீங்களே! தங்கச்சி, செருப்பைக் குடு. கடை திறந்து கிடக்கு."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதோ வந்துட்டாரே! மாப்பிள்ளை, இவங்களுக்கு நீங்களே சொல்லுங்க. உங்க வாயால சொன்னா நான் கேட்டுக்கறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தியாகத்தின் உச்சம் என்பது இதுதான் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரே ஒரு அளவு. "தங்கள் ஒத்துழைப்புக்கு..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. அவர் அவ்வளவு நம்பிக்கையோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

"நூத்தித் தொண்ணூத்தி நாலு, மச்சான்."

"எது, போன மாசமா?"

"இல்ல. முதல் மாசம். போன மாசம் நூத்தித் தொண்ணூத்தெட்டு."

மச்சான் வாயைத் திறந்தார். என்னிடம் ஏதோ கேட்கத்தான் திறந்தார். டாக்டர் கெட்டிக்காரி, அந்த இடைவெளியில் மாத்திரையைப் போட்டுவிட்டார்.

என் தொலைபேசி அடித்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"என்ன ஆச்சு?" என்றார் இயக்குநர் அம்மா.

"பதினேழாம் எண் போயிடுச்சு, மேடம்."

"இறந்துட்டாரா?" குரலில் பதற்றமே இல்லை. மரணத்துக்கு எங்கள் படிவத்தில் தனிக் கட்டம் உண்டு.

"இல்ல மேடம். மாத்திரை போட்டுட்டாரு."

"ஐயோ, கடவுளே!" என்று அலறினார். பின்னால் யாரோ ஜன்னலைத் திறக்கும் சத்தமும், ஓட்டுநரைக் கூப்பிடும் சத்தமும் கேட்டன. வண்டி என்னிடம் இருப்பதை நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில்தான் எனக்குப் பழக்கம் உண்டே.

திரும்பி உள்ளே போனேன். மச்சான் படுத்திருந்தார். "விடு தங்கச்சி, அவருக்கு ஆபீஸ்ல என்ன கஷ்டமோ," என்று எனக்காக வாதாடிக்கொண்டிருந்தார். டாக்டர் கட்டிலோரம் நின்று நோயாளிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"புகை பிடிப்பீங்களா?"

"இல்லம்மா."

"குடி?"

"அந்தப் பழக்கமே கிடையாது."

"வேற ஏதாவது? நோய்க்குக் காரணமா இருக்கிறதைக் கண்டிப்பா எழுதணும். குடும்பத்துல ஏதாவது உண்டா?"

"உண்டு, டாக்டர்," என்றாள் என் மனைவி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "தங்கச்சி புருஷன்னு எழுதிக்கங்க."