சௌக்கியமான காலனி

"டாக்டர் அடுத்த மாசத்துலேர்ந்து வரமாட்டாராம்" என்று மனைவி மாதங்கி சொன்னபோது, லக்ஷ்மிநாராயணன் அவள் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்.

செகந்திராபாத் ஏ.எஸ்.ராவ் நகரை ஒட்டிய அவர்கள் காலனியில் ஒரு சின்ன அரசு மருத்துவமனை. சர்க்கரை நோய்க்கென்று வாரம் இரண்டு நாள் ஒரு டாக்டர் வந்துகொண்டிருந்தார். இந்தக் காலனியில் சர்க்கரை நோயே கிடையாது என்று அரசாங்க சர்வே சொல்கிறதாம், அதனால் அவரை மாற்றுகிறார்கள்.

"அப்போ நான் யாராம்?" என்றாள் மாதங்கி.

இதே மாதிரிப் புண்ணில்தான் அவள் அண்ணனுக்குக் காலை எடுத்தார்கள். வேலைக்குப் போகும் மகளுக்கு லீவு கிடைக்காது; பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த டிராஃபிக்கில் அவளை ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போவதும் நடக்காத காரியம்.

இணையத்தில் சர்வே விவரத்தைத் தேடி எடுத்துக்கொண்டு சுகாதாரத் துறை அதிகாரி வினயிடம் போனார்.

"பக்கத்து காலனில தெருவுக்குத் தெரு சுகர். எங்க காலனில மட்டும் பூஜ்யம். நம்பற மாதிரியா இருக்கு சார்?"

"வாழ்த்துகள் சார்" என்று வினய் கை கொடுத்தார். "சந்தேகம்னா நீங்களே கணக்கெடுத்துக் கொடுங்க. பார்க்கலாம்."

தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் காலம் தள்ளியவருக்கு இது போதாதா? மறுநாளே வீடு வீடாகக் கிளம்பினார்.

முதல் வீடு கிருஷ்ணமூர்த்தி. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறை; 'எதற்கு' என்பது 'கைக்கு' என்றும் 'வேண்டாம்' என்பது 'நக்கோ' என்றும்தான் வாயில் வரும்.

"எனக்கு சுகரா? கைக்கு? நக்கோ சார், நக்கோ!" என்று லக்ஷ்மிநாராயணன் எதிரிலேயே இரண்டு ஜிலேபியை விழுங்கிக் காட்டினார். உள்ளே ஃப்ரிட்ஜ் கதவில் இன்சுலின் வரிசையாக நின்றது.

"பின்னே அது?"

"மெதுவா பேசுங்க. பூர்ணாவுக்கு வரன் பார்க்கறோம்."

எல்லா வீட்டிலும் ஒரு பூர்ணா இருந்தாள், அல்லது ஒரு ஹர்ஷா. எல்லோரும் சௌக்கியம். லக்ஷ்மிநாராயணனுக்குப் பொய்க்கணக்கு எழுத வராது; அவரவர் சொன்னதை அப்படியே எழுதினார். அவர் கொடுத்த விவரத்தைப் பார்த்து வினயே அசந்துபோனார்.

"சர்வேல உடம்பு வலியாவது இருந்துது சார். உங்க வீட்டைத் தள்ளினா, உங்க கணக்குல அதுவும் இல்லையே!"

சரி, டாக்டரைப் பார்க்க வருகிறவர்களை எண்ணினால் பொய் சொல்ல முடியாதே என்று மருத்துவமனை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தூரத்திலிருந்தே அவரைப் பார்த்துவிட்டு ஜனங்கள் காய்கறிக் கடைக்குத் திரும்பினார்கள். டாக்டர் தனியாக உட்கார்ந்து கொட்டாவி விட்டார். ஈ காக்கை இல்லை என்று மேலே தகவல் போக, அடுத்த மாதம்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், வெள்ளிக்கிழமையே கடைசி என்று உத்தரவு வந்தது.

"கல்யாணம் கல்யாணம்னு வியாதியை மறைச்சு, என் ஆத்துக்காரி காலுக்கு உலை வெச்சுட்டாளே, பாவிகள்!" என்று புலம்பினார். உதவி செய்யக் கிளம்பிக் காரியத்தையே கெடுத்தாயிற்று.

"போறும், விடுங்கோன்னா" என்றாள் மாதங்கி. அவளுக்கும் பயம்தான்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் மாதங்கிக்குக் கடைசிக் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது, சர்வே எடுத்த தேஜஸ்வினி அங்கே ஏதோ வேலையாக வந்திருப்பதாக நர்ஸ் சொன்னாள். லக்ஷ்மிநாராயணன் பாய்ந்தார்.

"எந்த மடையன் பேச்சைக் கேட்டும்மா இந்தக் கணக்கை எழுதினே?"

தேஜஸ்வினி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தெலுங்கில் பணிவாகச் சொன்னாள்: "உங்க காலனிக்குக் குலுக்கல்ல வந்தது ஆறே வீடு சார். அஞ்சு வீட்ல பூட்டு, எல்லாரும் அமெரிக்கா. ஆறாவது வீட்ல பொண்ணு பார்க்க வந்தவங்க ஹால்ல உக்காந்திருந்தாங்க. நீங்கதான் என்னை வாசல்லயே நிறுத்தி, 'எங்க வம்சத்துலயே சுகர் கிடையாதும்மா'ன்னு அவங்க காதுல விழற மாதிரி சொன்னீங்க."