மெயிலர் டீமனை ஓட்டிய ஆசான்

2011ஆம் ஆண்டு ஓணத்துக்கு முன்பு கருங்கல் சந்தைக்கு வந்தவர்கள் இரண்டு கூட்டங்களைப் பார்த்தார்கள். ஒன்று, மீன் வாங்க நின்ற கூட்டம். இன்னொன்று, கம்ப்யூட்டருக்குப் பேயோட்ட நின்ற கூட்டம். இரண்டாவதுதான் நீளம்.

காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல ஆட்டோவில் சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். மண்டைக்காட்டில் லாட்ஜ் வைத்திருந்த ரத்தினம், காற்றுப் பட்டுவிடக் கூடாதென்று தன் சிபியூவுக்குத் துண்டு போர்த்தியிருந்தார். மெயில் அந்தத் தகரப் பெட்டிக்குள் குடியிருப்பதில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் எல்லாருக்கும் தோள்வலியாவது மிச்சமாகியிருக்கும். யாரும் சொல்லவில்லை. ஆசானும் சொல்ல விடவில்லை.

ஆசான் என்றால் கோலப்ப ஆசான். வர்மம் தெரியாது, சிலம்பம் தெரியாது. கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையில் 'லட்சம் மெயில் விலாசம்' என்று ஒரு சிடி விற்றார். வெளிநாட்டுப் பணக்காரர்களின் விலாசமெல்லாம் அதற்குள் இருக்கிறதாம். வாங்கியவர்கள் தங்கள் சரக்கின் பெருமையை எழுதி லட்சம் பேருக்கும் அனுப்பினார்கள். போன வேகத்தில் பாதி திரும்பி வந்தது. திரும்பிய ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்பியவர் பெயராக 'மெயிலர் டீமன்' என்று இருந்தது.

சிடி வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். வேறொருவராக இருந்தால் கடையைப் பூட்டிவிட்டு ஓடியிருப்பார். கோலப்பன் அகராதியை எடுத்தார்.

"டீமன்னா என்ன அர்த்தம்? நீரே வாசிச்சுப் பாரும் ஓய்!"

"பேய்ண்ணுல்லா போட்டிருக்கு!"

"பின்ன சிடியில என்ன குத்தம்? உமக்க மெயிலப் பேய் வழிமறிச்சுத் திருப்பி விடுது. அதுவே பேரும் எழுதி அனுப்பியிருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அகராதியில் இருந்த சொல்லைவிட மெயிலில் இருந்த இங்கிலீஷ் சொல்லில் 'ஏ' என்று ஓர் எழுத்து கூடுதல். அதைக் கவனித்த ஒரே ஆள் ரத்தினம்தான். "அதுதான் பேய்க்க வாலு" என்று ஆசான் விளக்கியதும், கேள்வி கேட்ட அதே ரத்தினம் நடுங்கிப்போய் முதல் ஆளாகப் பூசைக்குப் பதிவு செய்துகொண்டார்.

சிடி விற்றவரும் அவர்தான், அதனால் வந்த பேயை ஓட்டுகிறவரும் அவர்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு தலை போதும். அன்றைக்குக் கருங்கலில் தலைகள் நிறைய இருந்தன, எல்லாம் வரிசையில் நின்றன.

பூசை இப்படி நடக்கும். மோடத்துக்கு வேப்பிலை, மானிட்டருக்கு எலுமிச்சம்பழம். கோயிலுக்குப் போகாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்றால் எலுமிச்சம்பழத்துக்குப் பதில் மெழுகுதிரி. பேய்க்கு மதம் கிடையாது, கட்டணத்துக்கும் கிடையாது. பிறகு பாஸ்வேர்டை ஆசான் காதில் மட்டும் சொல்ல வேண்டும், எண்கணிதப்படி பொருத்தம் பார்ப்பதற்காக. கடைசியில் ஆசான் ஒரு சிவப்புப் பட்டுத் துணியைத் தன் தலையோடும் மானிட்டரோடும் சேர்த்துப் போர்த்திக்கொள்வார். உள்ளே கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். வெளியே நிற்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

பட்டு விலகும். அன்றிலிருந்து ஒரு மெயிலும் திரும்பி வராது. நிஜமாகவே வராது!

அப்படிக் குணமானவர்களில் ஒருவர் சுயம்புராஜ். ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் போட்டு வளைகுடாக் கடைகளுக்கு அனுப்புகிறவர். தன் மெயில் குணமான சந்தோஷத்தில் ஆசானிடம் இன்னொரு சிடியும் வாங்கினார். லட்சத்தோடு லட்சம் சேர்த்து, பழைய வாடிக்கைக்காரர்களையும் விடாமல், ஓணம் விலையை எழுதி அனுப்பினார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. இரண்டு லட்சம் பேர் சிப்ஸுக்காக எச்சில் ஊற உட்கார்ந்திருப்பதாக நினைத்து, சாக்குச் சாக்காகக் காய் இறக்கிப் பொரித்துக் கட்டி வைத்தார்.

ஆர்டர் ஒன்றும் வரவில்லை.

இராஜாக்கமங்கலத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யும் குளோரி, பாக்கெட் ஒட்டும் மிஷினை இரவல் கேட்க அந்த நேரத்தில்தான் அவர் கொட்டகைக்கு வந்தாள். மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் ரிசர்வேஷன் மேசையில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். அங்கே நாள் முழுக்க மெயிலோடுதான் குடித்தனம்.

"என்ன அண்ணாச்சி, ஓணம் வருது, அடுப்புல ஒரு சட்டியக் காணலியே?"

"ஏற்கெனவே பொரிச்சதே கெடக்கு. நாளையிலேருந்து பொண்ணுங்கள வரவேண்டாம்ணு சொல்லிட்டேன்." சுயம்புராஜின் குரல் இறங்கியிருந்தது. காய் சீவும் பெண்கள் ஓணத்தை நம்பித்தான் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுப்பார்கள். "என்னண்ணுதான் புரியல குளோரி. மெயிலு ஒண்ணு விடாம எல்லாம் போய்ச் சேருது. ஆசான் கைவைச்ச பொறவு ஒண்ணும் திரும்பல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"ரெண்டு லட்சத்துல ஒருத்தன் வேலைய விட்டிருக்க மாட்டான்? ஒருத்தன் விலாசத்த மாத்தியிருக்க மாட்டான்? ஒருத்தனுக்க மெயில் பெட்டி நெறஞ்சிருக்காதா? தபால்காரன் ஆளில்லாத வீட்டுக் கடுதாசியத் திருப்பிக் கொண்டு வாறதில்லியா? அவன் திருப்பிக் கொண்டு வராட்டித்தான் அண்ணாச்சி சந்தேகப்படணும்!"

"உனக்கு ஆசானக் கண்டா ஆகாது" என்று சுயம்புராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஞாயித்துக்கிழம மண்டபத்துல மெயில் மீட்சி மாநாடு வச்சிருக்காரு. நான்தான் மேடையில சாட்சி சொல்லப் போறேன்."

"அப்போ நானும் வாறேன்" என்றாள் குளோரி. இரவல் கேட்க வந்த மிஷினை மறந்தே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் பன்னீர் தெளித்தார்கள். மனிதர்களுக்கு அல்ல, சிபியூக்களுக்கு. மேடையில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஓர் ஆள் உயர மாலை. பின்னால் பெரிய திரையில் சுயம்புராஜின் மெயில் பெட்டி தெரிந்தது.

"நெஞ்சில கைவச்சுச் சொல்லும். பூசைக்குப் பொறவு டீமன் வந்துதா?" என்றார் ஆசான்.

"ஒருநாளும் வரல்ல ஆசானே!"

கைதட்டல் அடங்குவதற்குள் குளோரி தன் லேப்டாப்போடு எழுந்து நின்றாள். "ஆசானே, ஒரு சின்ன சோதனை. எனக்க மெயிலுக்குப் பூசை போடல்ல. அண்ணாச்சி மெயிலுக்குப் போட்டாச்சு. ரெண்டுலேருந்தும் ஒரே விலாசத்துக்கு ஒரு மெயில் அனுப்புவோம். பேய் எங்க நிக்குதுண்ணு பாப்போம்."

ஆசானுக்கு இது இலவச விளம்பரமாகத் தெரிந்தது. "தாராளமா!"

"விலாசத்த நான் சொல்லுதேன். 'இல்லாதமாமன்'. பின்னால ரத்தினம் அண்ணாச்சி வாயில வந்த நம்பரச் சொல்லட்டும்."

ரத்தினம் எழுந்து வாயில் வந்த எண்களையெல்லாம் சொல்லி, மூச்சு முட்டியதும்தான் உட்கார்ந்தார். உலகத்தில் எவரும் வைத்திருக்க முடியாத விலாசம் ஒன்று தயாரானது. இரண்டு மெயிலும் புறப்பட்டன.

குளோரியின் லேப்டாப்பில் உடனே டிங் என்றது. மெயிலர் டீமன் வந்துவிட்டது. சுயம்புராஜின் பெட்டியில் ஒன்றும் இல்லை. கூட்டம் காத்திருந்தது. அப்போதும் ஒன்றும் இல்லை.

மண்டபம் அதிர்ந்தது. "ஆசானுக்கு ஜே!" என்று ஒருவர் கத்தினார். குளோரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், பேய் தாவிவிடும் என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள்.

ஆசான் மீசையைத் தடவினார். "பாத்தியா மக்கா? உனக்கதைப் பேய் திருப்பியாச்சு. சுயம்புக்கது போய்ச் சேந்தாச்சு."

"சத்தியமாப் போய்ச் சேந்தாச்சா?"

"நூத்துக்கு நூறு!"

"யாருக்கு?"

ஆசான் கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டச் சொல்லிச் சைகை காட்டினார்.

"இல்லாத மாமனுக்கு எப்பிடி ஆசானே போய்ச் சேந்துது? அந்த மாமன் எங்க இருக்காரு? அத்தைக்குச் சொகமா?"

பின்வரிசையில் ஒரு சிரிப்பு. அது முன்வரிசைக்கு வந்தது. சுயம்புராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, உங்க பெட்டியில குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருக்கும். அதத் தொறங்க."

"தொடாதீரும் ஓய்!" ஆசான் பாய்ந்தார். வேட்டி மைக் வயரில் சிக்கி, மாலையோடு கம்ப்யூட்டர் மேசையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். அதற்குள் சுயம்புராஜ் அமுக்கிவிட்டார்.

திரை முழுக்க மெயிலர் டீமன். மேலே சற்று முன் திரும்பிய இல்லாத மாமன். கீழே தள்ளத் தள்ள, ஓணம் விலையை எழுதி அனுப்பிய அத்தனை மெயில்களின் பிணங்கள்.

"ஆசான் சிவப்புப் பட்டுக்குள்ள தட்டினது மந்திரம் இல்ல" என்றாள் குளோரி. "டீமன் பேருல எது வந்தாலும் நேராக் குப்பையில போடுண்ணு ஒரு கட்டளை. அவ்வளவுதான்! மெயில் திரும்பிட்டுத்தான் இருந்துது. நம்ம கண்ணுல படாமப் பண்ணியாச்சு. அப்புறம், டீமன் பேயும் இல்ல, வாலும் இல்ல. தபாலாபீசுல பின்னறையில வேலை செய்யுத கிளார்க்கு மாதிரி ஒரு புரோகிராம்."

"பொய்!" என்று கத்தினார் ஆசான். "நான் பேயை அந்தத் தொட்டிக்குள்ள அடைச்சு வச்சிருந்தேன்! இவ தொறந்து விட்டுட்டா! ஓடிப் போங்க!"

நம்ப மாட்டீர்கள், கொஞ்சம் பேர் நிஜமாகவே ஓடினார்கள். ரத்தினம் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய், துண்டை மறந்துவிட்டதால் திரும்பி வந்தார்.

ஆனால் சுயம்புராஜ் ஓடவில்லை. திரையில் ஒரு வரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஏசுஅடிமையின் விலாசம். குவைத்தில் கடை வைத்திருக்கும் அவர்தான் ஒவ்வோர் ஓணத்துக்கும் பெரிய ஆர்டர் கொடுப்பவர். அந்த விலாசம் இருக்கிறது, உயிரோடுதான் இருக்கிறது. அதுவும் திரும்பியிருந்தது. திரும்பிய மெயிலில் எழுதியிருந்த காரணத்தைக் குளோரி தமிழில் சொன்னாள்: "இந்த ஆள் இல்லாத விலாசத்துக்கெல்லாம் கண்டமேனிக்கு அனுப்புகிறார். இவரை நம்ப முடியாது. இவர் மெயிலை உள்ளே விட மாட்டோம்."

சுயம்புராஜ் போனை எடுத்து, மைக் முன்னாலேயே குவைத்துக்கு அழைத்தார்.

"யாரு, சுயம்புவா?" ஏசுஅடிமையின் குரல் மண்டபமெல்லாம் கேட்டது. "என்ன ஓய், உம்மகிட்டேருந்து ஒரு மெயிலும் காணல்ல. கடைய அடச்சிட்டீராக்கும்ணு நெனச்சு, இந்த ஓணத்துக்கு வேற ஆளுகிட்ட எடுத்திட்டேனே!"

சிரித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். அவரவர் குப்பைத் தொட்டியை அவரவர் நினைத்துக்கொண்டார்கள்.

சுயம்புராஜ் போனை வைத்தார். பிறகு கம்ப்யூட்டருக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றினார். ஆசான் தனக்குத்தான் போடப் போகிறார் என்று பழக்கதோஷத்தில் கழுத்தை நீட்டினார். மாலை முதுகில் விழுந்தது, அடியாக. அடுத்த அடிக்கு ஆசான் மேடையில் இல்லை. பின்வாசல் வழியாகப் போனவரின் சிவப்புப் பட்டு மட்டும் கதவிடுக்கில் மாட்டிக் கிடந்தது.

மறுநாளே குளோரி சுயம்புராஜோடு உட்கார்ந்தாள். இரண்டு சிடியையும் உடைத்துப் போட்டார்கள். ஆளே இல்லாத விலாசங்களைத் துடைத்தார்கள். பெட்டி நிறைந்தவர்களுக்குக் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பிப் பார்த்தார்கள். மற்றவர்களிடம், "உங்களுக்கு எங்கள் மெயில் வேண்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டும் என்றவர்கள் கொஞ்சம் பேர்தான்.

"இம்புட்டுப் பேருக்கு மட்டுந்தானா?" என்று சுயம்புராஜ் சங்கடப்பட்டார்.

"இவங்க ஒக்கப் பேரும் உயிரோட இருக்காங்க அண்ணாச்சி. சிப்ஸும் தின்பாங்க."

ஓணம் போனது போனதுதான். ஆனால் சுயம்புராஜ் மெயிலின் கெட்டபெயர் பைய மாறியது. கிறிஸ்துமஸுக்கு ஏசுஅடிமை மெயில் பார்த்து ஆர்டர் போட்டார். காய் சீவும் பெண்கள் கொட்டகைக்குத் திரும்பினார்கள்.

கோலப்ப ஆசான் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? அவருக்கென்ன, சௌக்கியம். பக்கத்து ஜில்லாவில் இப்போது கம்ப்யூட்டர் வைரஸுக்கு மந்திரித்த தாயத்து கட்டுகிறார். வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிற்கிறதாம்.

கம்ப்யூட்டர் யோசிக்காது, சொன்னதைச் செய்யும். யோசிக்கிற வேலையை, அதன் முன்னால் உட்காருகிறவர் பார்த்துக்கொள்வார் என்று அதைச் செய்தவர்கள் நம்பிவிட்டார்கள். பாவம், அவர்களுடையதும் மூடநம்பிக்கைதானோ என்னவோ! இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர்கள் நாம்தான்.