ரோமாபுரி அண்ணனின் பாதிப் புத்தகம்

வெள்ளைக்காரனுக்கே வெள்ளைக்காரன் சரித்திரத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆட்டோக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்கிறார். கண்டியில், நான் முன்பு ரிசெப்ஷனில் வேலை பார்த்த ஹோட்டலின் கேட்டருகே அவர் ஆட்டோ நிற்கும். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது, எல்லாருக்கும் ரோமாபுரி அண்ணன். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னைத்தான் ‘நானா’ என்பார்.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்த வினை. தோட்டத்துத் துரை பங்களாவை ஒதுக்கிச் சுத்தம் செய்தபோது குப்பையில் எறிந்த இங்கிலாந்து சரித்திரம் ஒன்று அவர் கைக்கு வந்தது. பின்பாதியைக் கறையான் சாப்பிட்டிருந்தது. மிச்சத்தில் ரோமர்கள் வந்தார்கள், போனார்கள். சாக்சன்கள் வந்தார்கள், இருந்துவிட்டார்கள். அவ்வளவுதான். அதனால் அண்ணனைப் பொறுத்தவரை அந்த நாட்டுக்காரர்கள் இன்னும் ரோமனிடம் ரோடு போடவும் வெந்நீரில் குளிக்கவும் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டோவில் ஏறியதும் ஊர் எது என்று கேட்பார். மான்செஸ்டர் என்றால், “அட, ரோமன் பட்டாளம் முகாம் போட்ட இடம்!” பர்மிங்காம் என்றால், “சாக்சன் குடியிருப்பு!” அவருடைய இங்கிலீஷைத் தமிழில் தருகிறேன், அதுதான் எல்லாருக்கும் நல்லது. “இன்னைக்கு புதன்கிழமை. உங்க பாஷையில அது சாக்சன்காரன் சாமி பேரு. மாசம் ஆகஸ்ட், அது ரோம் ராசா பேரு. ரெண்டு பேரும் இன்னும் உங்க கலண்டர விட்டுப் போகல, பாத்தீங்களா?”

“ஏண்ணே, அவங்க நம்ம ஊரப் பாக்கத்தானே வாறாங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நானா, அவங்க இங்க வந்து காடு வெட்டி, கல்லத் தோண்டி, நம்ம சரித்திரத்த எழுதி நமக்கே படிச்சுக் குடுத்தாங்க. பதிலுக்கு நம்ம ஒன்னும் செய்யலன்னா மரியாதையா?”

மரியாதை ஒருநாள் எல்லை மீறியது. புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்குப் போகவேண்டும் என்ற ஒரு ஆங்கிலேய அம்மாவை நேர் எதிர்த்திசையில் கடுகண்ணாவைக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே கொட்டுகிற மழையில், மலை வளைவில் ஆட்டோ நின்றுபோனது. அண்ணன் அசரவில்லை. “பாருங்கம்மா, உங்க ஆளு போட்ட ரோடு. ரோமன் சொல்லிக்குடுத்த மாதிரியே கல்லு, சரளை, தண்ணி ஓடக் கான் எல்லாம் சரி. ஆனா இந்த வளைவு? ரோமன்னா மலையாவது மண்ணாவதுன்னு நேரா போட்டிருப்பான்!”

அந்த அம்மா அன்றிரவே இணையத்தில் எழுதிவிட்டார். கண்டியைப் பார்க்க வந்தேன், என் நாட்டையே காட்டி அனுப்பினார்கள் என்று. எங்கள் ஹோட்டலுக்கு ஒரே ஒரு நட்சத்திரம்.

எங்கள் மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர், கத்தமாட்டார். “இஞ்ச பாரும், அந்த மனுசனை இனிமேல் கேற்றடியில நிக்க வேண்டாம் எண்டு சொல்லும்.” அந்த இடம் போனால் அண்ணனுக்கு வேறு பிழைப்பு இல்லை. டவுன் ஸ்டாண்டுகளில் புது ஆளைச் சேர்க்கமாட்டார்கள். கெஞ்சினேன். “சரி, கடைசியா ஒரு சவாரி. நீரும் கூடப் போம். முறைப்பாடு வந்தா முடிஞ்சுது” என்றார்.

“அண்ணே, அல்லாஹ்வுக்காக, நாளைக்கு ரோமும் வேணாம், சாக்சனும் வேணாம்” என்றேன். ஆட்டோவில் ஒட்டியிருந்த மாதா படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

மறுநாள் வந்தவர் அதிகம் பேசாத, கனத்த, வயதான ஆங்கிலேயர். குளத்தைச் சுற்றினோம், மாளிகையைப் பார்த்தோம். அண்ணன் வாயே திறக்கவில்லை. அடக்கி அடக்கி அவர் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. திரும்பும் வழியில் அந்த மனிதரே வலிய வந்து மாட்டிக்கொண்டார்.

“உங்கள் ஆட்கள் எப்போது இந்த ஊருக்கு வந்தார்கள்?”

“பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில சார். உங்க ஆளுங்கதான் இந்தியால இருந்து தோட்ட வேலைக்குன்னு படகில ஏத்திட்டு வந்தாங்க.” நான் முதுகில் குத்தினேன். நிறுத்தவில்லை. “உங்க சாக்சன்காரங்களும் அப்படித்தானே? கூலிக்குச் சண்ட போட படகில வந்து, அங்கேயே இருந்துட்டாங்க. ஒன்னே ஒன்னு கேக்கணும் சார், எம் பொஸ்தகத்தில அந்தப் பக்கம் இல்ல. ‘எப்பத் திரும்பிப் போவீங்க’ன்னு அவங்களக் கேக்கிறத உங்க ஊர்ல எப்ப நிப்பாட்டுனாங்க?”

குரலில் கேலி இல்லை. மனுஷனுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இங்கேயே பிறந்த அவரை இன்னும் அப்படிக் கேட்கிறவர்கள் இருந்தார்கள்.

வந்தவர் ஹோட்டலில் இறங்கி நேராக மேனேஜரிடம் போனார். கதை முடிந்தது என்றே நினைத்தேன். சவாரி எப்படி என்று மேனேஜர் கேட்டார்.

“அவர் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்கும் அவரே வரட்டும்.”

“ஓம், ஓம்” என்று தலையாட்டினார் மேனேஜர், என்னைப் பார்க்காமலே.

சில மாதம் கழித்து அந்த மனிதரிடமிருந்து பார்சல் வந்தது. கறையான் தொடாத, முழு இங்கிலாந்து சரித்திரம். அண்ணன் தன் கேள்விக்கான பக்கத்தைத் தேடினார். இல்லை. தன் பழைய புத்தகம் முடியும் இடத்தோடு மூடிவைத்துவிட்டார்.

“மிச்சத்தையும் படிங்கண்ணே.”

“அதுக்குப் பிறகு அவங்க எங்கெங்க வருவாங்கன்னு நமக்குத் தெரியாதா நானா? இதுவரைக்கும் நல்ல பிள்ளைங்களா இருக்காங்க. இப்படியே இருக்கட்டும்.”

நான் இப்போது கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலயில் வேறு வேலையில் இருக்கிறேன். ஆனாலும் புதன்கிழமைகளில் அந்தக் கேட்டடிக்குப் போய் அவர் ஆட்டோவில் ஏறிக்கொள்வேன். என்னைத் தெரியாதவர் மாதிரி, “எந்த ஊர் சார்?” என்பார்.

“உங்க ஊர்தாண்ணே” என்பேன்.