ஜன்னல் அறையும் ஆறு மணிக் காவலும்

என் மனைவியை முப்பது நாளில் ஒரு கேமிலிருந்து வெளியேற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சபதம் செய்தேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவுவதற்கு முன் செய்த சபதம்.

என் தகுதிக்கு அது பெரிய சபதமல்ல. ஆன்லைன் கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் எட்டு வருடமாக எனக்கு ஒரே வேலை. ஆட வந்தவர்கள் ஏன் தங்குகிறார்கள், ஏன் போய்விடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது. போகிறவர்களைப் போகவிடாமல் செய்வது. அலுவலகத்தில் என் பெயர் ஆணி. நான் அடித்த இடத்தில் ஆள் அசையமாட்டான். ஆட்டக்காரர்கள் வெளியேறுவதற்கான காரணங்கள் பதினேழு என்று ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன். பதினெட்டாவது கிடையாது என்று மேனேஜர் முன்னால் மேசையைத் தட்டியுமிருக்கிறேன். உள்ளே பிடித்து வைக்கத் தெரிந்தவனுக்கு வெளியே தள்ளத் தெரியாதா?

உண்மையில் தகராறு ஜன்னலைப் பற்றியது.

எங்கள் வீட்டில் ஒரே ஓர் அறைக்குத்தான் பெரிய ஜன்னல். அதில் நான் மேசை போட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மனைவி ஒரு டென்டல் லேபில் பல்லுக்கு மேலே மாட்டும் கேப் செய்கிறவள். பல்லின் வெள்ளையில் பதினாறு வகை இருக்கிறதாம். பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். விளக்கை நம்பிச் செய்தால், வாயைத் திறக்கும்போது ஒரு பல் மட்டும் தனியாகத் தெரியும். வீட்டில் நல்ல வெளிச்சத்தில் ஒரு மேசை இருந்தால் வேலையை அங்கேயே எடுத்துப்போகலாம் என்று லேப்காரர் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் தினமும் இரண்டு பஸ் மாறிப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

"ஏங்க, ஜன்னல் அறையை எனக்குக் குடுங்களேன்."

"நான் எங்க வேலை பார்க்கிறது?"

"உங்களுக்கு எதுக்கு ஜன்னல்? திரையை இழுத்து மூடிட்டுத்தானே உக்காந்திருக்கீங்க."

"வெளிச்சம் கண்ணைக் கூசுதும்மா."

"உங்களுக்குக் கூசறது எனக்குச் சோறு போடும்."

பதில் இல்லாதபோது பேச்சை மாற்றுவது என் வழக்கம். "முதல்ல நீ அந்தக் கேமை விடு. ரெண்டு வருஷமா போனும் கையுமா நிக்கிறே. இதுல தனி அறை வேற கேக்குதா?"

"கேமுக்கும் அறைக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்கு. நான் நினைச்சா முப்பது நாள்ல உன்னை அதிலிருந்து வெளிய கொண்டுவருவேன். அது என் தொழில்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டே நின்றாள். "கொண்டுவந்துட்டா?"

"அறை என்னுது. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"வராட்டி?"

"அறை உனக்கு."

"சரி. போய் கை கழுவுங்க, காஞ்சு போச்சு."

அவள் ஆடுவது எங்கள் போட்டிக் கம்பெனியின் கேம். அது வேறு எனக்கு ஒரு வலி. சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்: நாற்பது பேர் கொண்ட ஓர் அணி, அவர்களுக்கு ஒரு கடல், கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கு. விளக்கு அணையக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது திரையைத் தொட்டு எண்ணெய் ஊற்ற வேண்டும். மறந்தால் நாற்பது பேருடைய கப்பல்களும் பாறையில் மோதிவிடும். அதனால் முறைவைத்துக் காவல். என் மனைவி அந்த அணியின் கேப்டன். அங்கே அவள் பெயர் 'கடைவாய்ப்பல்'. கேப்டனுக்கு மூன்று காவல்: காலை ஆறு மணி, மதியம் பன்னிரண்டு, மாலை ஏழு. மதியக் காவலை லேபில் சாப்பாட்டு இடைவேளையில் முடித்துவிடுவாள்; மற்ற இரண்டும் வீட்டில் உலை கொதிக்கிற நேரம். எங்கள் வீட்டுச் சுவர்கள் கோட்டைச் சுவர்கள்; போனுக்கு வைஃபை கிடைப்பது ரவுட்டர் இருக்கும் சமையலறையில் மட்டும்தான். என் கணினிக்கு அங்கிருந்து நீளமாக ஒரு ஒயர் இழுத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதில்தான் தடுக்குவார்கள்.

காரணம் எண் நான்கிலிருந்து தொடங்கினேன். தினமும் வந்து பழகியவர்களுக்கு ஒருநாள் விட்டுப்போனால் மனம் உடைந்துவிடும். பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன். ஆறு மணிக்கு அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்க் காவல் முடித்தாள். ஏழு மணிக்குத் திரும்பி வந்தபோது கூடவே பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனையும் கூட்டிவந்தாள். அவர் ரவுட்டரைப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த பிளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், பெரிய வேலைதான். செருகணும்."

அடுத்தது காரணம் எண் ஒன்பது. எல்லாம் கிடைத்துவிட்டவனுக்குச் சலித்துவிடும். போட்டிக் கம்பெனியில் இருக்கும் என் பழைய சகா ஒருவரைக் கெஞ்சி, 'கடைவாய்ப்பல்'லுக்கு அந்தக் கேமிலேயே பெரிய பரிசான தங்கக் கப்பல் போய்ச் சேர ஏற்பாடு செய்தேன். இனி அடைய ஒன்றுமில்லை. மூன்று நாளில் கொட்டாவி விடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

"என்னம்மா, கப்பல் ஏதோ கிடைச்சுதாமே?"

"கிடைச்சுது. தையல்கார அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

"யாரு அது?"

"எங்க அணியில இருக்காங்க. தையல் மெஷின் பழுதாகி பத்து நாளா மனசு சரியில்லாம இருந்தாங்க."

"ஆயிரத்துல ஒருத்தருக்குக் கிடைக்கிற கப்பல்மா அது!"

"அப்படியா? அவங்களுக்குச் சொல்றேன், இன்னும் சந்தோஷப்படுவாங்க." நகர்ந்தவள் திரும்பினாள். "ஆமா, எனக்குக் கப்பல் கிடைச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அன்று மாலை எனக்கு அவசரமாக ஒரு மீட்டிங் வந்தது.

மிச்சமிருந்தது காரணம் எண் ஒன்று. சண்டை. ஒரு கேமை அழிப்பது இன்னொரு கேம் அல்ல, அணிக்குள் மூளும் சண்டை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. எட்டு வருடத்தில் ஒருமுறையும் பொய்த்ததில்லை. எட்டாம் நாள் 'சூறாவளி' என்று பெயர் வைத்துக்கொண்டு அவள் அணியில் புகுந்தேன்.

புகுந்த அன்றே பொதுவில் எழுதினேன்: "வணக்கம். சுருக்கமாகச் சொன்னால், இந்த அணியில் நியாயம் இல்லை. கேப்டன் வேண்டியவர்களுக்குத் தங்கக் கப்பல் தருகிறார்." தொடர்ந்து பதினோரு வரி.

திரி பற்றிக்கொண்டது என்று நினைத்தேன். அணியின் மூத்தவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், முதலில் பேசினார்.

"தம்பி, சாப்பிட்டீங்களா?"

"அது இருக்கட்டும். நியாயத்துக்குப் பதில் சொல்லுங்கள்."

"பசியில எழுதின மாதிரி இருந்துது. அதான் கேட்டேன்."

தையல்கார அக்கா எழுதினார்: "கப்பல்தானே தம்பி, நாளைக்கு நீங்க ஓட்டுங்க. ஆனா வளைவுல மெதுவா."

கடைசியில் கேப்டன் எழுதினாள்: "சூறாவளி தம்பிக்குப் பொறுப்பு குடுத்தா சரியாயிடும். காலை ஆறு மணிக் காவலுக்கு எனக்குத் துணையா போட்டிருக்கேன்."

கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் என் மனைவி என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றுதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனோடு சமையலறையில் போய் நின்றேன். அவள் அடுப்பு முன்னால் போனோடு நின்றாள். இருவருக்கும் நடுவே மூன்றடி.

"என்ன, இவ்வளவு சீக்கிரம்?"

"ஆபீஸ் மெசேஜ்."

"ஓஹோ."

என் போன் துடித்தது. 'கடைவாய்ப்பல்: தம்பி, எண்ணெய் ஊத்துங்க.' ஊற்றினேன். 'கடைவாய்ப்பல்: சபாஷ்.' நிமிர்ந்து பார்த்தேன். அவள் முதுகு எதுவும் அறியாத முதுகாக இருந்தது. எனக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு ஓடியது. ஓர் ஒற்றன் இதைவிட அருகில் நின்றதாகச் சரித்திரம் உண்டா?

"சும்மாதானே நிக்கிறீங்க, அந்தப் பாலைக் கொஞ்சம் பார்த்துக்கங்க."

பால் பொங்குவதற்கும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதற்கும் கிட்டத்தட்ட ஒரே கணக்குதான். காவலின் மூன்றாம் நாளே இரண்டும் எனக்குக் கைவந்தன. ஐந்தாம் நாள் காய் நறுக்கிக்கொண்டே எண்ணெய் ஊற்றினேன். மாலைக் காவலுக்கும் என்னைப் போட்டார்கள். மறுக்க முடியவில்லை, ஒற்றன் சந்தேகத்துக்கு இடம் தரக் கூடாது.

பதினெட்டாம் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். மாலையில் சமையலறைக்குப் போய்ப் போனைத் திறந்தால் முப்பத்தொரு செய்தி. 'சூறாவளியைக் காணோமே.' 'தம்பிக்கு என்ன ஆச்சு?' 'உங்க காவலை நான் பார்த்துக்கறேன், படுங்க' என்று பஸ் டிரைவர். நானில்லாத வெறுமையில் வளைவில் கப்பலைப் பாறையில் உரசிவிட்டதாகத் தையல்கார அக்கா. அலுவலகத்துக்கும் அன்று லீவு சொல்லியிருந்தேன். அங்கிருந்து வந்தது ஒரே செய்தி: 'அட்டவணை எங்கே?'

சண்டை மூட்டும் வேலையை அன்றோடு கொஞ்சம் தள்ளிப்போட்டேன். முதலில் நம்பிக்கையைப் பெற வேண்டும் அல்லவா? இருபத்து மூன்றாம் நாள் நம்பிக்கை முழுவதும் கிடைத்தது. புதிதாக வந்த ஒருவன் கேப்டனைக் குறை சொன்னான். அவனுக்கு நான்தான் பதினைந்து வரியில் பதில் எழுதினேன். முதல் வரியில், சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம்தான் சபதம் நினைவுக்கு வந்தது. தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. அறையைக் காலி செய்யச் சமையலறைக்குப் போய் அட்டைப்பெட்டிகூட எடுத்து வைத்தேன். அப்போது என் மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள். போனை என் கண் முன்னால் நீட்டினாள். அந்த ஆப்பை அழுத்திப் பிடித்தாள். நீக்கினாள்.

"விட்டுட்டேங்க."

"என்னது?"

"கேமை. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

நான் எழுந்து நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் அட்டைப்பெட்டியைக் காலால் உதைத்தேன். அது போய் ஒயரில் சிக்கியது.

"சொன்னேனா இல்லையா? ஆணியா கொக்கா! இருபத்தொன்பதே நாள்! சுருக்கமா சொன்னா, மனித மனசுங்கறது..." என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அறை எனக்கு என்று அவள் வாயாலேயே சொல்லவைத்தேன். இரண்டு முறை.

"சரி, எந்தக் காரணம்? நாலா, ஒன்பதா?"

"நாப்பது பேரை எப்படி விட்டுட்டுப் போறதுன்னுதான் இத்தனை நாள் இருந்தேன். ஆள் கிடைச்சாச்சு, போயிட்டேன். உங்க அட்டவணையில இது இருக்கா?"

இல்லை. என் பதினேழில் அது இல்லை. மறுநாளே பதினெட்டாவதாகச் சேர்த்து அனுப்பினேன். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கண்டுபிடிப்பு வந்ததில்லை என்று மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். மேசையை அவரே தட்டினார்.

ஆனால் அது மறுநாள். அன்றைக்கு நான் கேட்டேன்: "ஆள் யாரு?"

என் சட்டைப் பையில் போன் துடித்தது. இவள் போவதற்கு முன் எழுதிவைத்த கடைசி அறிவிப்பு, அணி முழுவதற்கும்: 'இன்றிலிருந்து சூறாவளி தம்பிதான் கேப்டன்.' அதன் கீழே முப்பத்தெட்டு வாழ்த்து. பஸ் டிரைவர் எழுதியிருந்தார்: 'தம்பி, இனி நீங்கதான் ஸ்டியரிங்.'

"எடுங்க, துடிக்குதில்ல" என்றாள் மனைவி.

"உனக்கு... எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் நாளே. 'சுருக்கமா சொன்னா'ன்னு ஆரம்பிச்சுப் பதினோரு வரி எழுதறவர் ஊருலகத்துல எத்தனை பேருங்க?"

கேப்டன் பதவியை மறுத்திருக்கலாம். ஆனால் நாற்பது பேர். அதில் ஒருவருக்கு வளைவில் இன்னும் சரியாகத் திருப்பத் தெரியாது.

இப்போது காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஏழு மணிகளில் நான் சமையலறையில் இருக்கிறேன். போனுக்கு அங்கேதானே வைஃபை. இடையிலும் யாராவது கேப்டனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதால் கணினியையும் அங்கேயே தூக்கி வந்துவிட்டேன். என் வசதிக்காகத்தான், யாரும் சொல்லவில்லை. உலை வைப்பது, பால் பார்ப்பது, நறுக்குவது எல்லாம் எண்ணெய் ஊற்றுவதற்கு நடுவில் தானாக நடந்துவிடுகின்றன. மூன்று மாதமாக எங்கள் விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை. பட்டியலில் எங்கள் அணி ஏழாவது இடம்.

என் மனைவி பஸ் ஏறுவதில்லை. அறையைக் கேட்கவுமில்லை, வாக்கு தவறாதவள். "அறை உங்களோடதுதாங்க. நீங்க வந்தா உடனே எழுந்துக்கறேன்" என்றுதான் சொல்லிவைத்திருக்கிறாள்.

திரையை எடுத்துவிட்டாளாம். பதினாறு வெள்ளையும் அங்கே தெளிவாகத் தெரிகின்றனவாம். ஒருநாள் காவல் மாற்ற ஆள் கிடைத்தால், என் அறையை நானும் போய்ப் பார்க்க வேண்டும்.