நீர்நாய் விஷயமாக ஒரு வக்கீல் நோட்டீஸ்

அன்பும் சட்ட ஞானமும் நிறைந்த மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா சௌக்கியம். நானும் சௌக்கியம் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன். இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. படித்தவுடன் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. கிழிப்பதற்கு முன் எங்கள் கல்லூரி முதல்வருக்குச் சூடாக ஒரு வக்கீல் நோட்டீஸ் எழுது.

விஷயம் இதுதான். இந்த வருஷம் என் தணிக்கைப் பாடத்தில் ஒரு மாணவன்கூடச் சேரவில்லை. காலமெல்லாம் அடுத்தவன் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தவன், காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். படிக்க ஆளில்லாத பாடத்துக்கு வாத்தியார் எதற்கு என்று அடுத்த வருஷம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உன் அக்காவுக்கு இது தெரியாது, நீயும் மூச்சு விடாதே. தினமும் அவள் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், ஆசிரியர் அறையில் தின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன். இந்த லட்சணத்தில் முதல்வர் என்னைக் கூப்பிட்டு, வாயெல்லாம் பல்லாக, "வாழ்த்துகள் சார்! நம்ம காலேஜ் பின்பக்கம் இருக்கற காப்புக்காட்டை வெச்சு சுற்றுச்சூழல் பாடம் தயாரிக்கற ஆசிரியர்களுக்கு நிதி வந்திருக்கு. உங்க விண்ணப்பம் தேர்வாயிடுச்சு" என்றார். மச்சான், நான் விண்ணப்பமே போடவில்லை! அதைச் சொன்னால், "தன்னடக்கம் வேண்டாம் சார், பிரமாதமா எழுதியிருந்தீங்க" என்கிறார். எலி அம்மணமாக ஓடுகிறது என்றால் காரணம் இல்லாமலா? செலவுக்கு ரசீது வைக்க வேண்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு? நீங்க காட்டுக்குப் போய் நல்ல பாடமா யோசிச்சுட்டு வாங்க, பாடத்திட்டக் குழு முன்னாடி வைப்போம்" என்றார். ரசீது கேட்காமல் பணம் கொடுக்கிற ஆளைப் பற்றித்தான் என் பாடத்தில் முதல் அத்தியாயமே. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிற கதை. பாடம் சரியில்லை என்று சொல்லிக் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாம் அல்லவா? முடியாது என்றால் ஒத்துழைக்கவில்லை என்று தள்ளுவார். சரி, நடப்பது நடக்கட்டும் என்று போனேன்.

காட்டு வாசலில் விலங்கியல் ஆசிரியை காத்திருந்தார். வகுப்பிலும் கூட்டத்திலும்கூடத் தொப்பியைக் கழற்றாதவர் என்பதால் கல்லூரியில் அவருக்குத் தொப்பியம்மா என்று பேர். வாசலில் ஒரு பெரிய பலகை, இந்தக் காட்டில் இன்னின்ன பிராணிகள் உண்டு என்று வரிசையாக எழுதியிருந்தது. அதில் நீர்நாய். "நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா?" என்றேன். "நேர்ல பார்த்ததில்ல சார். ஓடைக்கரையில எச்சம் பார்த்திருக்கேன்." "எச்சத்தைப் பார்த்துட்டு எப்படிங்க கையிருப்புல சேர்த்தீங்க?" "நம்புங்க சார், இருக்கு." நம்புவதாம்! அந்த இடத்திலேயே எனக்குப் பாடம் கிடைத்துவிட்டது. இல்லாத சரக்கை இருப்பதாக எழுதி வைக்கிற கோஷ்டியை நான் எத்தனை பார்த்திருப்பேன்! மாணவர்கள் அந்தப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு காட்டையே தணிக்கை செய்ய வேண்டும். மரம் மரமாக, பறவை பறவையாக. கண்ணுக்குப் பட்டது நிற்கும், படாததை அடித்துவிட வேண்டியதுதான். "பார்க்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா சார்?" என்றார் தொப்பியம்மா. "எங்க துறையில ஆயிடும்" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஓடைக்கரை மரம் ஒன்றில் இடுப்பு உயரத்துக்கு வார் போட்டுக் கட்டியிருந்தார்கள், பச்சை நிறம், நடுவில் கண்ணாடிக் கண். கிட்டே போனதும் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. கேமரா! வாத்தியார் நிஜமாகவே காட்டுக்கு வருகிறாரா, வீட்டில் குறட்டை விடுகிறாரா என்று முதல்வர் வேவு பார்க்கிறார். முன்னால் ரசீது வேண்டாமாம், பின்னால் கேமராவாம்! பாருங்கய்யா, நல்லா பாருங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் சலவைச் சட்டையும் டையுமாகப் போய், ஓடைக்கு முதுகையும் கேமராவுக்கு முகத்தையும் காட்டி நின்று, தேதியைச் சொல்லி, "ஆஜர்" என்று சொல்லி, முழு வகுப்பு எடுத்தேன். கேட்க ஒரு ஆள் கிடைத்ததில் எனக்கே கொஞ்சம் சந்தோஷம்தான், ஒளிப்பானேன். "நீர்நாய் என்பது பொய்க் கணக்கு! இந்த ஓடையில் நீர்நாய் கிடையாது. உண்டு என்பவர்கள் முன்னால் வரட்டும்!" என்று விரலை ஆட்டிச் சவால் விட்டேன். முதுகுப் பக்கம் அவ்வப்போது தண்ணீரில் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. முதல்வரின் கையாள் எவனோ ஒளிந்திருக்கிறான், திரும்பினால் பயந்துவிட்டேன் என்று போய்ச் சொல்வான் என்று கடைசிவரை திரும்பவே இல்லை.

நேற்று குழுக் கூட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் தொப்பியம்மா எழுந்து, "சாரோட பாடத்துக்கு முன்னாடி என் கேமராவுல விழுந்த சில படங்களைக் காட்டிடறேன்" என்று திரையில் போட்டார். அவருடைய கேமராவாம் மச்சான்! பிராணி நடமாட்டம் பார்க்க அவர் கட்டியதாம். முதல் படத்தில் நான் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால் கரையில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு நீர்நாய். அடுத்ததில் நான் நெற்றியைத் துடைக்கிறேன். பின்னால் இரண்டு, அதில் ஒன்று மீனைத் தின்றுகொண்டே என்னைப் பார்க்கிறது. அதற்கும் அடுத்ததில் ஒரு குடும்பமே வரிசையாக உட்கார்ந்து பாடம் கேட்கிறது. என் வகுப்பில் முதல் வரிசை நிறைந்து நான் பார்த்தது அந்தப் படத்தில்தான். "ஒரே இடத்துல நின்னு ஒரே மாதிரி பேசிக்கிட்டே இருந்ததால அதுங்களுக்கு சார் மேல பயம் போயிடுச்சு. நாங்க வருஷக்கணக்கா முயற்சி பண்ணியும் கிடைக்கல" என்கிறார் தொப்பியம்மா. அறை முழுக்கச் சிரிப்பு. நல்லவேளை, அந்தக் கேமராவில் சத்தம் பதிவாகாது. முதல்வரைப் பற்றியும் சில வார்த்தை சொல்லியிருந்தேன். நான் விடவில்லை. "படத்தை வெச்சு ஒத்துக்க முடியாது. ஒரே நீர்நாயைத் திருப்பித் திருப்பிக் காட்டலாம். நேர்ல சரிபார்க்கணும்" என்றேன். முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முடிவை நாளைக்குச் சொல்றேன் சார்" என்றார். சிரித்துக்கொண்டே அனுப்பப் போகிறார்கள், எழுதி வைத்துக்கொள். சம்பளம் போனால் போகட்டும், எப்படியாவது சமாளிப்போம். காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போக எனக்கு ஒரு வகுப்பு வேண்டாமா மச்சான்? என் பேரில் விண்ணப்பம் போட்ட அந்த அயோக்கியன் யார் என்று நோட்டீஸில் முதலில் கேள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. நீயும் உன் மனைவியும் நோய்நொடி இல்லாமல், யாரையும் நம்பாமல், நீடூழி வாழ்க.

இங்ஙனம்,
உன் அத்தான்
(கையெழுத்து என்னுடையதுதானா என்று பழைய கடிதத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்.)

பின்குறிப்பு: நோட்டீஸ் வேண்டாம். இன்று கல்லூரிக்குப் போனால் அறிவிப்புப் பலகை முன்னால் தள்ளுமுள்ளு. பாடத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நீர்நாய்ப் படம் எல்லார் கைப்பேசிக்கும் போய், என் வகுப்பில் இடமே இல்லையாம். வீட்டுக்கு ஓடிவந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா, "எத்தனை பேரு சேர்ந்திருக்காங்க?" என்றாள். வகுப்பு விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "காலேஜ் திறந்துட்டா நீங்க தூக்கத்துல பாடம் நடத்துவீங்க. இந்த வருஷம் ஒரு வார்த்தை பேசல. கிளாஸ் இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதான் காட்டு விஷயத்தைப் பேப்பர்ல பார்த்ததும் உங்க பேர்ல போட்டுட்டேன்" என்றாள். "ஏன் என்கிட்ட சொல்லல?" "நீங்க சொன்னீங்களா?" அழுதுவிட்டேன், மச்சான். அப்புறம் சாப்பிடும்போதுதான் சந்தேகம் வந்தது. "அவ்வளவு பிரமாதமா எழுத உனக்கு யாரு உதவி பண்ணா?" என்று கேட்டேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "மேஜை மேல கிடந்த லெட்டரைப் படிச்சேன். யாரை நோட்டீஸ் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கீங்களோ, அவன்தான்" என்றாள். ஆகவே, மேலே முதல்வரைத் திட்டியிருக்கிற இடத்திலெல்லாம் உன் பேரைப் போட்டு இன்னொரு தடவை படித்துக்கொள், திருட்டுப் பயலே. நன்றாக இரு.