ரஜிதா கல்யாணத்தில் யார் எங்கே உட்காருவது

ஜோர்ஜ்டவுன், பினாங்கு

பெருமதிப்பிற்குரிய குகதாசன் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் அம்பிகைபாகன் பணிவன்புடன் எழுதுவது. கோலாலம்பூரில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் என் இரத்த அழுத்தமும் நலம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அக்கா முதலில் படித்துவிடுவாள், அதனால் கடிதம்.

விஷயம் என் மகள் நிலானியைப் பற்றியது. சமூகவியல் சோறு போடாது, உங்கள் மகன் அருணனைப் போல் கம்ப்யூட்டர் படிக்கட்டும் என்று அன்றே சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. பட்டம் வாங்கி ஒரு வருடமாகிறது. நேர்காணலுக்குப் போகிற இடமெல்லாம் அந்த வேலையை இப்போது ஏஐ பார்க்கிறது என்று அனுப்பிவிடுகிறார்கள். அவள் படிப்புக் கடனை என் பென்ஷன் கட்டுகிறது. புக்கிட் தெங்காவில் உங்கள் நண்பர் தொழிற்சாலையில் ஆபீஸில் கணக்கெழுதும் ஒரு கிராணி வேலையாவது வாங்கித் தர வேண்டும்.

படித்த பிள்ளை என்றால் அருணன்தான். பினாங்கு கிளைக்கு மாற்றலாகி எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறானே, இங்கே என் பொறுப்பில் நடக்கவிருக்கும் தங்கை ரஜிதாவின் கல்யாண விருந்துக்கு யார் எந்த மேசை என்று ஏஐயிடம் கேட்டு, ஐந்தே நிமிடத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். அதிலிருந்து என் போன் ஓயவில்லை. பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி அக்காவை முதியோர் மேசையில் போட்டிருந்தது. முந்தின நாள்தான் தலைக்கு மை பூசியவர், சும்மா விடுவாரா? பூர்வீக வீட்டு வழக்கால் ஒருவர் முகம் ஒருவர் பார்க்காத வாசுவையும் அவர் தம்பியையும், ஒரே அப்பா பெயர் என்று, பக்கத்தில் பக்கத்தில். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குச் சமையலறை வாசல். அவர் போன் செய்து, "எனக்கு கார் பார்க்ல ஒரு நாற்காலி போட்டுருங்க லா. எங்க பக்கம் வேற யாரும் வரல," என்று வைத்துவிட்டார். கல்யாணமே நின்றுவிடும் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

நிலானி என்னை இழுத்துக்கொண்டு செபராங் ஜெயாவில் அவர் வீட்டுக்குப் போனாள். "மாமா, பொண்ணு மாப்பிள்ளைக்கு மொத ஆசீர்வாதம் நீங்கதான். அதுக்கப்புறம்தான் யாரும் சாப்பாட்டுல கை வைக்கணும். மாமன் முறை அந்த மெஷினுக்கு என்ன தெரியும் லா?" என்றாள். அப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். மனுஷன் குளிர்ந்து போய் தேநீர் கொடுத்து, முறுக்கும் கட்டிக் கொடுத்தார். யாருக்கு யார் என்ன முறை, யார் யாரோடு எதற்காகப் பேசுவதில்லை என்று படிப்புக்காக வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தவள்தானே. ஊர் வம்பு பேசப் பல்கலைக்கழகம் எதற்கு என்று அப்போது நான் ஏசினேன். தனலெட்சுமி அக்காவை இளசுகள் மேசைக்கு மாற்றினாள். வாசுவுக்கும் தம்பிக்கும் நடுவில் நான்கு மேசை போட்டாள். ஆனால் தம்பி சாப்பிட்டாரா என்று வாசு எட்டிப் பார்க்கலாம்.

பாருங்கள் அத்தான், இத்தனை வருடப் படிப்புக்கு இவ்வளவுதான் பிரயோஜனம். இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுக்கப் போகிறார்கள்? கிராணி வேலையை மறந்துவிடாதீர்கள். தண்ணீர்மலை முருகன் உங்கள் எல்லோருக்கும் துணையிருக்கட்டும்.

அன்புள்ள மைத்துனன்,
அம்பிகைபாகன்

பி.கு.: உறை ஒட்டுமுன் நிலானி படித்துவிட்டாள். கிராணி வேலை வேண்டாமாம். அந்தத் தாய்மாமன் தன் இரண்டு மகன்களின் கல்யாணத்துக்கும் யார் எந்த மேசை என்று பார்க்க அவளைப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டார். தனலெட்சுமி அக்காவும் கல்யாண வீடுகளைப் பிடித்துத் தருகிறார். ஒரு கல்யாணத்துக்கு அவள் கேட்கும் சம்பள வெள்ளி என் ஒரு மாதப் பென்ஷன். உதவிக்குச் சம்பளத்துக்கு ஆளும் வைத்துவிட்டாள்: அருணன். மாற்றல் என்று அவன் சொன்னது பொய் அத்தான். அவன் வேலையை ஏஐயிடம் கொடுத்து கம்பெனி எப்போதோ வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நீங்கள் திட்டக்கூடாது என்று விருந்தில் உங்களை அவனுக்கு ஆறு மேசை தள்ளிப் போட்டிருக்கிறாள். நீங்கள் எழுந்து வருவதற்குள் அவன் கார் பார்க்கைத் தாண்டிவிடுவானாம்.