தூங்கியவர் துவைத்த போர்வை

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு ஞாயிறு மதியத் தூக்கம்தான் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தின் வாசலில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான வராந்தாவில், பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சர் ஒரு காற்றுமணியை மாட்டிவிட்டார். காற்று சும்மா இருந்தாலும் அது சும்மா இருக்காது. கண் சொக்கி, மேகத்தின்மேல் பாதி தூரம் ஏறியிருப்பார் மனுஷர். கிணிகிணி! தொப்பென்று கட்டிலுக்கே வந்து விழுவார்.

சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். டீச்சர் மசியவில்லை. கடைசியில் சட்டத்தைத் துணைக்கு அழைத்தார். ஒருவன் தானாக விரும்பிச் செய்தால்தான் அது அவன் செயல். தூக்கத்தில் கைகால் செய்ததற்கு அவன் பொறுப்பில்லை, நஷ்டஈடும் கிடையாது என்று அவருடைய வக்கீல் கோர்ட்டில் முழங்கியதை இவர் காதாரக் கேட்டிருக்கிறார்.

அப்புறம் என்ன? கத்தரிக்கோலைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தார். தெருவே வெயிலில் கிறங்கிக் கிடந்த நேரம் பார்த்து எழுந்தார். அரைக்கண் மூடி, கையை நீட்டி, மிதப்பதுபோல வராந்தாவுக்குப் போனார். நறுக்! மணி விழுந்து நொறுங்கியது.

“ஐயோ, என் மணி! சார், உங்களுக்கென்ன பைத்தியமா?” என்று டீச்சர் ஓடிவந்தார்.

“கத்தாதீங்க டீச்சர்.” குமாஸ்தாவின் மனைவி பின்னாலேயே வந்தாள். “அவர் தூங்குறார். தூக்கத்துல நடக்கிறவங்களைத் திடீர்னு எழுப்பக் கூடாதாம்.”

“தூக்கமா? கத்தரிக்கோல் எப்படி வந்துது?”

“கனவுல தையல்காரரா இருப்பாரு. சுயநினைவு இல்லாம செஞ்சது அவர் செஞ்சதே ஆகாது டீச்சர். தினமும் இவர் வாயாலதான் கேக்கிறேனே.”

குமாஸ்தாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. இப்படியொரு பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்!

“இன்னொண்ணு தெரியுமா? இப்படி நடக்கிறவங்க நாம சொன்னதையெல்லாம் செய்வாங்களாம். பார்க்கிறீங்களா? என்னங்க, குளியலறையில போர்வை ஊறுது. துவைங்க.”

விழித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். துவைத்தார். ஜன்னல் வழியே வந்த வெயில் நுரையில் வழுக்கி விளையாடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் எது நுரை, எது மேகம் என்று தெரியாமல் போயிற்று. ஒரு கணம் நிஜமாகவே தூங்கிவிட்டார். கை மட்டும் கசக்கிக்கொண்டிருந்தது. அன்று அவர் கண்ட சுகம் அந்த ஒரு கணம்தான்.

“எங்க வீட்டு ஜன்னலையும் துடைப்பாரா?”

“தாராளமா! அவருக்கா தெரியப்போகுது?”

சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து, நீளமாக ஒரு கொட்டாவி விட்டுக் கண்ணைத் திறந்தார். “நல்ல தூக்கம்! ஏம்மா, கையெல்லாம் ஊறிப்போயிருக்கே?”

“தெரியலையே. முகத்தைக் கழுவிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு வேலை உங்களோடதுன்னு பேச்சு. சமையலறையைத் தேய்ச்சுக் கழுவணும்.”

“அதான் போர்வை...”

“போர்வையா?” மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “அதை நீங்களா விரும்பித் துவைச்சீங்க?”

வாசலில் டீச்சர், உடைந்த மணியைக் கையில் வைத்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

“நானா? நான் தூங்கிக்கிட்டுல்ல இருந்தேன்!” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தைத் தேடிப் போனார் குமாஸ்தா.